பிடிக்குள் போகும் இரும்பு

சாலைக் கடைத்தெருவில் இருக்கிற எங்கள் இரும்புக் கடைக்குக் கத்தி வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முனையைத்தான் முதலில் பார்ப்பார்கள். கட்டைவிரலை வைத்துக் கூர்மை பார்ப்பார்கள். காற்றில் இரண்டு வீசு வீசுவார்கள். பக்கத்தில் நிற்கிற மனைவி "பாத்து, பாத்து" என்றதும் பெருமையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். மாமி கத்தி வாங்க வந்த அன்று முதலில் கத்தியைத் தொடவே இல்லை. ஒரு குவளை தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் கேட்டார்.

நான் பின்பக்கம் போய்க் கை கழுவுகிற சோப்பை எடுத்து வந்து கொடுத்தேன். வலது கையை நன்றாக நுரைத்துக்கொண்டு ஒவ்வொரு கத்தியாகப் பிடித்துப் பார்த்தார். பிடித்து, குத்துகிற மாதிரி முன்னால் தள்ளினார். வழவழப்பான பிடிகளில் கை நழுவி அலகுப் பக்கம் போனது. அதையெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"காஞ்ச கையால யார் வேணும்னாலும் பிடிக்கலாம். மழையில எப்படி இருக்கும்னு நேக்குத் தெரியாது. அதான் பாக்கறேன்" என்றார்.

"நேக்குத் தெரியாது" என்பதைப் பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தலையைக் குனிந்துகொண்டோ மழுப்பிக்கொண்டோதான் சொல்வார்கள். மாமி அதை "காபி சாப்பிட்டாச்சு" என்பது மாதிரி சொல்வார். அலுவலகத்தில் மேலதிகாரி கேட்டாலும் அப்படித்தான். கோயில் பிரகாரத்தில் ஒரு வடநாட்டுக்காரர் சிற்பத்தைக் காட்டிக் கேட்டாலும் அப்படித்தான். அவருக்குத் தெரியாத விஷயங்கள் நம்மைவிட அதிகம் என்றில்லை. நாம் மறைத்து வைப்பதை அவர் வெளியே வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. கணவர் கோயில் காரியம் பார்ப்பவர், தெருமுனையைத் தாண்டி நடக்கப் பிரியப்படாதவர். மாமிக்கோ ஞாயிற்றுக்கிழமை மலை ஏறாவிட்டால் அடுத்த ஆறு நாளும் ஓடாது. அலுவலகத் தோழிகள், தெருப் பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் என்று பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பொன்முடிப் பக்கமும் விதுரா பக்கமும் போய்வருவார். அந்தப் பெண்களில் பலரை வீட்டில் அனுப்பியதே மாமி கூட இருக்கிறார் என்பதால்தான். அந்தச் சோப்பு நாளுக்கு முன்பே கயிறு, பூட்டு என்று கடைக்கு வந்து பழக்கமாகி, நானும் மூன்று நான்கு முறை மூட்டை தூக்கப் போனேன்.

முதல் முறை போனபோது நான் ஒரு கத்தி கொண்டு போயிருந்தேன். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த அட்டகாசமான கத்தி. முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் ஓட்டை, ஓட்டைக்குள் தீப்பெட்டியும் தூண்டில் முள்ளும், பிடியின் மூடியில் திசைகாட்டி. மாமியிடம் பெருமையாக நீட்டினேன். வாங்கவில்லை. "கீழே வை" என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ஒருவர் கீழே வைக்க வேண்டும், இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துப் பார்த்தார்.

"பிடியே ஓட்டையா இருந்தா இரும்பு எதுல நிக்கறது?"

"அதெல்லாம் நிக்கும் மாமி."

"முதுகு பூரா பல்லா இருக்கே. கட்டை வச்சுத் தட்டணும்னா எங்கே தட்டறது? இந்தத் திசைகாட்டி சரியாக் காட்டறதா?"

காட்டியது. மூன்று முறை திருப்பியதில் மூன்று வடக்கைக் காட்டியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது. இரும்புக் கடைக்காரன் நான், கத்தியைப் பற்றி ஓர் அலுவலக மாமி எனக்குச் சொல்வதா என்று. அந்தச் சுருக்கென்றதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அதே நாள் மேலே ஏறும்போது பாதை இரண்டாகப் பிரிந்தது. டீச்சர், "இடதுதான், சம்சயமே இல்லை" என்றார். மாமி நின்றுவிட்டார். "நேக்குத் தெரியாது. யாராவது வரட்டும், உக்காருவோம்." உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம். அட்டை ஏறியது. டீச்சர் முணுமுணுத்தார். கடைசியில் பால் வெட்டிவிட்டு ஒரு ரப்பர்த் தொழிலாளி இறங்கி வந்தார். இடதுதான் என்றார். டீச்சர் மாமியை ஒரு பார்வை பார்த்தார். மாமிக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. "சரி, இப்பொ தெரிஞ்சாச்சு. வாங்கோ" என்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

கத்தியை எடுக்கும் முன் அவர் செய்கிற ஒரு காரியம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உறையைக் கழற்றாமல் கத்தியைக் கையில் பிடித்து, கையை முழுக்க நீட்டி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுவார். யார் மேல் பட்டதோ அவர் தள்ளிப் போக வேண்டும். அதன் பிறகுதான் உட்கார்ந்து உறையைக் கழற்றுவார். வெள்ளரிக்காய் நறுக்குவதற்குக்கூட இந்தச் சுற்று உண்டு. சின்னப் பெண்கள் அதைப் பார்த்துக் கேலியாகத் தாங்களும் சுற்றுவார்கள். மாமி கண்டுகொள்ள மாட்டார்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டிலிருந்து அப்பா வந்து போட்ட கடை, அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கையில். கடையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் சொன்னான். "லேய், எவன் என்ன கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. மலையாளத்துல அறியில்லன்னும் சொல்லாத. சொன்னா அவன் அடுத்த கடைக்குப் போயிருவான்." நான் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன். எந்த ஆணி எந்தச் சுவரில் நிற்கும், எந்தப் பூட்டு எத்தனை வருஷம் வரும், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பாதி உண்மை, மீதி வாய்க்கு வந்தது. யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் மாமி சோப்புக் கையோடு வந்து நின்றார். பழைய கத்தியைக் காட்டு ஓடையில் தவறவிட்டுவிட்டாராம். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மடக்காத கத்தி, அலகு அவர் உள்ளங்கை நீளம், முதுகு நல்ல கனம், பல் கில் எதுவும் இல்லை. துருப்பிடிக்கிற இரும்புதான். "அது பரவாயில்லை, தேங்காயெண்ணெய் தடவிக்கறேன். இதுன்னா ஆத்துலயே தீட்டிக்கலாம்" என்றார். ஒரே ஒரு சிக்கல். பிடியை ரப்பர் வைத்து முழுக்க மூடியிருந்தார்கள். உள்ளே இருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியவில்லை.

"தம்பி, இந்த இரும்பு பிடி முடியற வரைக்கும் போறதா, பாதியிலேயே நின்னுடறதா?"

கத்தி விற்கிறவனுக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. அலகும் பிடிக்குள் இருப்பதும் ஒரே இரும்பாகக் கடைசி வரை ஓடினால் அந்தக் கத்தி அடி தாங்கும். விரல் நீளத்துக்கு உள்ளே போய் நின்றுவிட்டால் காய் நறுக்கலாம், கயிறு அறுக்கலாம், அதற்கு மேல் போகக்கூடாது. எனக்குத் தெரியாது. அந்தச் சரக்கு புதிதாக வந்தது.

மாமி விளக்கமாகவே சொன்னார். "மழையில விறகெல்லாம் நனஞ்சிருக்கும். நடுவுல பிளந்தா உள்ளே காஞ்சிருக்கும். கத்தியைக் கட்டை மேல வச்சு முதுகுல இன்னொரு கட்டையால தட்டணும். அதுக்குத் தாங்கணும். உனக்குத் தெரியலேன்னா கேட்டுச் சொல்லு. நேக்கு அவசரமில்லை, அடுத்த வாரம் வரேன்."

ஒரு வாரம் கொடுத்தார். மொத்த வியாபாரிக்கு ஒரு போன் போட ஒரு நிமிஷம் ஆகும். கல்லாவில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டம் ஒரு பக்கம், மலையில் எல்லாரும் சிரித்தது இன்னொரு பக்கம்.

"தெரியும் மாமி. முழுக்கப் போவுது. ஒரே இரும்பு. நீங்க தைரியமாத் தட்டலாம்" என்றேன்.

அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியே பழகியவர் இல்லையா, தெரியும் என்று ஒருவன் சொன்னால் அவனுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொண்டார். கத்தியை மேஜை மேலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இத்தோடு நின்றிருந்தால் வாய்த்துடுக்கு என்று என்னை நானே மன்னித்திருப்பேன். பத்து நாள் கழித்து மொத்த வியாபாரியின் ஆள் கடைக்கு வந்தான். வேறு ஏதோ பேசும்போது சும்மா கேட்டேன். "அதுவா? இரண்டு விரல் கடைதான் உள்ள போகும். மீதி பிளாஸ்டிக்" என்றான். மாமியின் எண் என் போனில் இருந்தது. மலைக்குப் போகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் நானும் இருந்தேன். கூப்பிடலாம் என்று போனை எடுக்கவும் செய்தேன். அப்போது ஒரு ஆள் தண்ணீர்க் குழாய் கேட்டு வந்தான். பிறகு சாப்பாட்டு நேரம். பிறகு, வெள்ளரிக்காய் நறுக்கத்தானே போகிறார், என்ன ஆகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின.

மூன்றாவது ஞாயிறு விதுராவுக்கு மேலே, குழுவில் ஒருவரின் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் போகவில்லை. மத்தியானம் மழை கொட்டி, ஜீப் நின்ற இடத்துக்கும் இவர்களுக்கும் நடுவில் ஓடை ஏறிவிட்டது. பதினோரு பேரும் பாதி இடிந்த கொட்டகை ஒன்றில் ஒதுங்கினார்கள். டீச்சருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. உதடு நீலமாகிவிட்டதாம். மாமி, கையை நீட்டிச் சுற்றிவிட்டு, உட்கார்ந்து நனைந்த விறகைப் பிளந்தார். மூன்று துண்டு பிளந்தது. நாலாவதில் பிடிக்குள்ளே கத்தி முறிந்தது. அலகு திரும்பி மாமியின் வலது கட்டைவிரல் அடியில் ஆழமாக இறங்கியது. தீ மூட்ட முடியவில்லை. ஓடை வடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டீச்சர் நிமோனியாவோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். மாமியின் விரலில் நரம்பைத் தைத்தார்கள். அது பிறகு மடங்கவே இல்லை.

இதை எனக்குச் சொன்ன பெண்மணி, "பாவம், மாமி தன் கையைப் பாக்கவே இல்லை, டீச்சரையே பாத்துண்டிருந்தா" என்றார். நான் "அடடா" என்றேன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டோடு மாமி கடைக்கு வந்தார். அலகைத் தனியாகவும் பிடியைத் தனியாகவும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். கல்லாவில் அண்ணன். பக்கத்தில் எங்கள் பெரிய வாடிக்கையாளரான ஒரு காண்டிராக்டர், பட்டியல் எழுதிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது பாதியிலேயே நின்னுடறதே. முழுக்கப் போறதுன்னு நீ சொன்னியே?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அண்ணன் தலையை நிமிர்த்தினான். காண்டிராக்டரும் எழுதுவதை நிறுத்தினார்.

நான் சொன்னேன். "மாமி, அப்படி நீங்க கேக்கவே இல்லியே. காயி நறுக்கதுக்கு, கயிறு அறுக்கதுக்குன்னுல்லா வாங்கிட்டுப் போனிய. விறகு பிளக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற எடுத்துத் தந்திருப்பேன்லா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள். மாமி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். மேலே தொங்கிய கயிற்றுச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு, அந்த நாளை ஒவ்வொன்றாகத் தேடுவது முகத்தில் தெரிந்தது.

"சோப்பு கேட்டது ஓர்மை இருக்கு. எண்ணெய் தடவிக்கறேன்னு சொன்னது ஓர்மை இருக்கு. இதைக் கேட்டேன்னுதான் நெனச்சுண்டிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நிச்சயமாத் தெரியலை தம்பி. நீ சொல்றதைப் பாத்தா கேட்காமத்தான் போயிருக்கேன் போலிருக்கு. மனசுல நெனச்சதைக் கேட்டதா எடுத்துண்டுட்டேன். நீ ஒண்ணும் நெனச்சுக்காதே."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்! காண்டிராக்டர் என்னைப் பார்த்து, இந்த மாதிரி ஆட்களோடு உங்களுக்கு என்ன பாடு என்கிற மாதிரி தலையை ஆட்டினார். நானும் பதிலுக்குத் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மாமி துணியை இடது கையால் மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அண்ணன் மறுபடி கணக்கு நோட்டில் குனிந்தான். அவனுக்குத் தெரியும். அன்று கேள்வி கேட்கப்பட்டபோது அவனும் கல்லாவில்தான் இருந்தான்.

அன்றைக்கே குழுவில் மாமியின் செய்தி வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கத்தி வாங்கியதும், அதை நம்பிப் பத்துப் பேரை மலைக்குக் கூட்டிப்போனதும் தன் தவறு. டீச்சரிடமும் அவர் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி யாரையும் தான் கூட்டிப்போகப் போவதில்லை. அவ்வளவுதான். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. "மாமி கேட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன்" என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அழித்துவிட்டு நானும் ஒரு கைகூப்பிய படம் போட்டேன்.

மாமி வராவிட்டால் யார் போவார்கள்? வீடுகளில் விடவில்லை. இரண்டு மாதத்தில் குழுவில் காலை வணக்கம் மட்டும் மிஞ்சியது.

ஒரு முறை மனசு கேட்காமல் நல்ல கத்தி ஒன்று வாங்கி வைத்தேன். பிடியின் இரண்டு பக்கமும் இரும்பு தெரிகிற கத்தி. கிழக்கேகோட்டையில் அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே போய் நின்றேன். கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "அய்யோ, வேண்டாம் தம்பி. கத்திக்கு நான் ஆளில்லை. ஆனா ஒண்ணு, தப்பு என்னோடதா இருந்தும் நீ தேடி வந்தியே, அது மதி, அதுவே போறும்." உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்தது. வலது கட்டைவிரல் விறைத்து நிற்க, மற்ற நாலு விரலால் கம்பியைப் பிடித்து ஏறினார். பிறகு தெருவில் எல்லாரிடமும் என் நல்ல குணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வலியசாலையிலிருந்து எங்கள் கடைக்கு ஆட்கள் அதிகமாக வர ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு சந்தோஷம்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மாமியின் தெருதான். தோழிகளோடு மலைக்குப் போகிறாளாம், கத்தி வேண்டுமாம்.

"அண்ணா, மாமி ஒரு கார்யம் சொல்லி விட்டா. இரும்பு பிடிக்குள்ள எவ்வளவு தூரம் போறதுன்னு மறக்காம வாய் திறந்து கேக்கணுமாம். அவா கேக்காம வாங்கித்தான் கையைக் கெடுத்துண்டாளாம். கேட்டா நீங்க உள்ளதைச் சொல்லுவேளாம்."

நான் நாலு கத்தியை எடுத்துப் போட்டேன். எது முழுக்கப் போகிறது, எது போகவில்லை, எது எனக்குத் தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு கத்தியின் திருகாணியைக் கழற்றி உள்ளேயே காட்டினேன். அவ்வளவு நியாயமான வியாபாரத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. உடனே மாமிக்குப் போன் போட்டாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "உங்ககிட்ட குடுக்கச் சொல்றா" என்று போனை நீட்டினாள்.

"தம்பி, சௌக்கியமா? அவ கேட்டாளா?"

"கேட்டாங்க மாமி. எல்லாம் கேட்டாங்க."

"நல்லதாப் போச்சு. வாயைத் திறந்து கேட்டா நீ சொல்லுவே. நான்தான் அன்னிக்குக் கேட்காமப் போயிட்டேன், இல்லியா?"

ஒரு கேள்விதான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

"ஆமா மாமி" என்றேன்.

அன்றைக்கு அண்ணன் ஊரில் இல்லை. அந்தப் பெண்ணைத் தவிரக் கடையில் வேறு யாருமே இல்லை.